பல்லுக்குப் பெயர் சூட்டு விழா

டைனோசர் காலத்துக் குட்டிப் பாலூட்டிகளைப் பற்றிப் போன முறை போகிறபோக்கில் ஒரு பத்தி எழுதினேன், அதற்கு வந்த கேள்விகள் இந்த முறை முழுப் பகுதியையும் பிடித்துக்கொண்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். உங்கள் ஊர்ப்பெயர் இல்லையென்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

திருச்சி வாசகர்: ஒரே ஒரு பல் கிடைத்ததாம், உடனே புது விலங்கு என்று பெயர் வைத்துவிட்டார்களாம். ஒரு பல்லைப் பார்த்து ஒரு விலங்கையே சொல்ல முடியுமா? கிளி ஜோசியம் மாதிரி இருக்கிறதே?

ஜோசியக்காரர் அட்டையை எடுத்த பிறகு அதைத் திரும்பக் கூட்டுக்குள் வைத்துவிடுவார். இங்கே அந்தப் பல்லை அருங்காட்சியகத்தில் எண் போட்டு வைத்துவிட வேண்டும், நாளைக்கு எவன் வேண்டுமானாலும் வந்து "நீ சொன்னது தப்பு" என்று நிரூபிக்கலாம். அந்த வித்தியாசம் பெரியது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் பல். முதலையின் வாயைப் பாருங்கள்: முன்னாலும் பின்னாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கூம்புகள், விழ விழ முளைத்துக்கொண்டே இருக்கும். இப்போது உங்கள் நாக்கால் உங்கள் பற்களையே தடவிப் பாருங்கள். முன்னால் வெட்டும் பல், ஓரத்தில் கோரைப்பல், பின்னால் மேடும் பள்ளமுமாகக் கடைவாய்ப்பல். மேல் பல்லின் மேடு கீழ்ப்பல்லின் பள்ளத்தில் உலக்கை உரலில் இறங்குவதுபோல இறங்குகிறது. இந்த மேடுகள் எத்தனை, எந்த வரிசையில், எது உயரம், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பது ஒவ்வொரு பாலூட்டி வகைக்கும் மாறும். கடைவாய்ப்பல்லின் வேரும் இரண்டாகவோ அதற்கு மேலோ பிரிந்திருக்கும். ஊர்வனவற்றின் பல்லில் பொதுவாக அப்படி இருக்காது. அப்புறம், உடம்பிலேயே கெட்டியான பொருள் பல்லின் எனாமல். எலியளவு பிராணி செத்தால் எலும்பு நொறுங்கிப் போய்விடும், பல் மட்டும் தங்கும். அதனால்தான் ஆதிப் பாலூட்டிகளின் கதையில் பாதிக்கு மேல் பல்லின் கதை. விருப்பப்பட்டு யாரும் பல்லோடு நிறுத்திக்கொள்வதில்லை, கிடைப்பது அதுதான்.

நீங்கள் கேட்ட அந்த ஒற்றைப் பல், வேல்ஸ் நாட்டின் தெற்கு கிளாமோர்கனில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் கிடைத்தது. அந்தச் சுண்ணாம்புக்கல் மிகப் பழையது. அதில் பின்னால் விரிசல்களும் குகைகளும் விழுந்தன, சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கமெல்லாம் சிறு தீவுகளாக இருந்தபோது தரைமேல் செத்துக் கிடந்த சின்னப் பிராணிகளின் எலும்பும் பல்லும் மண்ணோடு மழைநீரில் அடித்துவரப்பட்டு அந்த விரிசல்களுக்குள் போய் அடைந்தன. ஜெர்மனியிலிருந்து பிரிட்டனுக்கு வந்த வால்டர் க்யூனே அந்தப் பல்லை 1949ல் விவரித்துப் பெயர் வைத்தார்: மார்கனுகோடான் வாட்சொனி. மோர்கனுக் என்பது கிளாமோர்கனின் பழைய பெயர், ஓடான் என்றால் கிரேக்கத்தில் பல், வாட்சொனி என்பது லண்டன் பேராசிரியர் டி.எம்.எஸ். வாட்சனுக்கு மரியாதை. ஆக "வாட்சன் ஐயா பேரிலான கிளாமோர்கன் பல்". இவ்வளவுதான் விஷயம், லத்தீன் வேஷம் போட்டதும் பயமாக இருக்கிறது.

க்யூனே அந்தப் பல்லில் என்ன பார்த்தார்? மூன்று முக்கிய மேடுகள் ஒரே நேர்வரிசையில் நின்றன. அதுவரை தெரிந்த மூன்று மேட்டுப் பல் பிராணிகளோடு ஒப்பிட்டார், இந்த அமைப்பு எதிலும் பொருந்தவில்லை. புதுச் சிற்றினம் என்று சொல்வதற்கு அடிப்படை இந்த "பொருந்தவில்லை"தான். எதிலெதில் பொருந்தவில்லை, ஏன் என்று வரிவரியாக எழுதிக் காட்ட வேண்டும். வயதானதால் தேய்ந்த பல்லா, குட்டியின் பால்பல்லா, வரிசையில் வேறு இடத்துப் பல்லா என்றெல்லாம் சந்தேகப்பட்டுக் கழிக்க வேண்டும். நம் வாயிலேயே முதல் கடைவாய்ப்பல்லும் கடைசிக் கடைவாய்ப்பல்லும் ஒன்றுபோல இல்லை அல்லவா? தெரியாதவர் கையில் கொடுத்தால் இரண்டு மனித இனங்களை உண்டாக்கிவிடுவார்.

ஒரு பல்லோடு விட்டிருந்தால் நானும் உங்கள் பக்கம்தான் நின்றிருப்பேன். பிற்பாடு அதே வட்டாரக் குவாரிகளிலிருந்து மண்ணை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, தண்ணீரில் கரைத்து, சல்லடையில் சலித்து, மிஞ்சியதைக் காயவைத்து, நுண்ணோக்கியின் அடியில் அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கினார்கள். மார்கனுகோடானின் பற்களும் தாடைத் துண்டுகளும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. லண்டனில் கென்னத் கெர்மாக்கும் ஃபிரான்சஸ் மஸ்ஸெட்டும் இந்தத் துண்டுகளை வைத்து ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். கீழ்த்தாடையைப் பற்றிய விரிவான ஆய்வு 1973ல், மண்டையோட்டைப் பற்றியது 1981ல் வந்தது. அவற்றில் மூன்றாவது ஆசிரியராக ஹெரால்ட் ரிக்னி என்றொரு பாதிரியார் இருக்கிறார், அவர் கதை தனி. சீனாவின் யுனான் மாகாணத்தில் லூஃபெங் என்ற இடத்தில் 1948ல் எட்கர் ஓலர் என்ற பாதிரியார் ஒரு அங்குல அளவிலான மண்டையோட்டைக் கண்டெடுத்தார். ரிக்னி அப்போது பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவர். 1951ல் அவரைச் சிறையில் போட்டார்கள், 1955ல்தான் விட்டார்கள். அந்த மண்டையோட்டுக்கு அவர் மார்கனுகோடான் ஓலெரி என்று பெயர் வைத்து வெளியிட்டது 1963ல். கண்டெடுத்ததற்கும் பெயர் வைத்ததற்கும் நடுவே 15 வருஷம். வேல்ஸ் பல்லைப் போலவே பல் இருந்ததால்தான் சீன மண்டையோடு யாருடையது என்றே தெரிந்தது என்பதைக் கவனியுங்கள்.

பாளையங்கோட்டை வாசகி (உயிரியல் ஆசிரியை): பால் கொடுப்பதால் பாலூட்டி என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். பால் கல்லாகாது. பிறகு எதை வைத்துப் பாலூட்டி என்கிறார்கள்?

டீச்சர், இது நல்ல கேள்வி, பிள்ளைகள் கேட்டு மாட்டிக்கொண்டீர்களோ என்று தோன்றுகிறது.

பழைய அடையாளம் தாடை மூட்டு. ஊர்வனவற்றின் கீழ்த்தாடை பல எலும்புகள் சேர்ந்தது. நமக்குப் பக்கத்துக்கு ஒரே எலும்பு. அவற்றில் தாடை மண்டையோடு சேரும் மூட்டில் இருந்த இரண்டு சின்ன எலும்புகள் நம் பரம்பரையில் மூட்டை விட்டு நகர்ந்து காதுக்குள் போய்விட்டன. நீங்கள் வகுப்பில் சொல்லித் தரும் சுத்தி, பட்டடை எலும்புகள் அவைதான். (அங்கவடி அதற்கு முன்பே காதில் இருந்தது.) மார்கனுகோடானிடம் என்ன வேடிக்கை என்றால் இரண்டு மூட்டும் இருக்கின்றன. நம்முடைய புது மூட்டு வலுவாக வந்துவிட்டது, பழைய மூட்டு எலும்புகளும் தாடையின் உள்பக்கப் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. புது வீட்டுக்குக் குடிபோன பிறகும் பழைய வீட்டுச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிகிற மாமியார் மாதிரி.

பாலுக்கும் மறைமுகச் சாட்சி உண்டு. மார்கனுகோடானின் முன்பற்களும் முன்கடைவாய்ப்பற்களும் ஒரே ஒரு முறைதான் விழுந்து முளைத்தன. ஊர்வன மாதிரி வாழ்நாள் முழுக்க முளைக்கவில்லை. குட்டி ஆரம்பத்தில் பல் இல்லாமலேயே வளர முடிந்தால்தான் இந்தச் சிக்கனம் கட்டுப்படியாகும். பல் இல்லாத வாய்க்கு யாராவது எதையாவது ஊட்ட வேண்டும். பால் என்று எழுதி ஒட்டவில்லை, ஆனால் வேறு நல்ல விளக்கமும் இல்லை.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. மேலே சொன்ன தாடை மூட்டை வைத்து நெடுங்காலம் மார்கனுகோடானைப் பாலூட்டி என்றே எழுதினார்கள். 1988ல் டிமத்தி ரோ என்ற அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் வரையறையை மாற்றிப் போட்டார்: இன்றைக்கு உயிரோடிருக்கும் பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும், முட்டையிடும் பிளாட்டிபஸ் உட்பட, பொதுவான ஒரு கடைசி மூதாதை இருக்கும் அல்லவா, அதன் வம்சத்தை மட்டும் பாலூட்டி என்போம், அதற்கு முன்பே கிளை பிரிந்தவை வெளியே என்றார். மார்கனுகோடான் வெளியே போயிற்று. நம் பாட்டனாருடைய பிள்ளைகள் மட்டும் குடும்பம், பாட்டனாரின் சித்தப்பா வகையறா பங்காளி என்று கோடு கிழிப்பது மாதிரி. அந்தப் பங்காளிகளையும் சேர்த்த பெரிய கூட்டத்துக்கு மம்மாலியாஃபார்ம் என்று பெயர். பலர் இதை ஏற்றுக்கொண்டார்கள், சிலர் இன்னும் பழைய அர்த்தத்திலேயே பாலூட்டி என்று எழுதுகிறார்கள். அதனால்தான் ஒரு புத்தகத்தில் "முதல் பாலூட்டி", இன்னொன்றில் "பாலூட்டியின் உறவினர்" என்று அதே பிராணியைப் பார்க்கிறீர்கள். எலும்பில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. என்னைக் கேட்டால் வகுப்பில் தாடை மூட்டையே சொல்லித் தாருங்கள், பிள்ளைகள் தங்கள் காதைத் தொட்டுப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். கோடு கிழிக்கும் சண்டையைக் கல்லூரிக்கு விட்டுவிடலாம்.

மதுரை வாசகர்: ஒரே விலங்குக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்துவிட்டால் பஞ்சாயத்து யார்?

பஞ்சாயத்துக்குச் சட்டப் புத்தகமே இருக்கிறது. விலங்குப் பெயரிடலுக்கான சர்வதேச விதிகள் என்று சொல்வார்கள், லின்னேயஸ் 1758ல் செய்த வேலையிலிருந்துதான் அதற்குக் கணக்கு. முக்கிய விதி: முந்தி வெளியானது நிற்கும், பிந்தியது அதற்குள் அடங்கிவிடும். முந்திக் கண்டுபிடித்தவருக்கோ முந்தி மனதில் நினைத்தவருக்கோ எந்த உரிமையும் கிடையாது. முறையாக வெளியான நாள்தான் கணக்கு.

நம் நாட்டிலேயே அழகான உதாரணம் இருக்கிறது. தெலங்கானாவில் நஸ்கல் என்ற ஊர். தக்காண எரிமலைக் குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாகப் பரவிய காலத்தில், ஒரு குழம்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாட்களில் படிந்த மண்ணடுக்கு அங்கே உண்டு; டைனோசர்களின் கடைசிக் காலம் அது. ஜி.வி.ஆர். பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் அங்கிருந்து 1988ல் டெக்கானோலெஸ்டஸ் ஹிஸ்லோபி என்ற பூனைக்கும் தீனியாகாத அளவுச் சின்னப் பாலூட்டியை வெளியிட்டார்கள். இந்தியாவின் கிரெட்டேஷியஸ் காலப் பாறையிலிருந்து வெளியான முதல் பாலூட்டி அதுதான். (லெஸ்டஸ் என்றால் கொள்ளையன். ஆக, தக்காணத்துக் கொள்ளையன். தொல்லுயிரியலாளர்களுக்குப் பூச்சி தின்னும் பிராணியைக் கண்டால் திருடன் என்று சொல்ல ஏனோ ஆசை.) அதே நஸ்கலில் வேறொரு வகைப் பல், உயரமாக, அரைத்துத் தின்னுவதற்கு ஏற்றதாக, தென் அமெரிக்காவிலும் மடகாஸ்கரிலும் புதைபடிவமாகக் கிடைக்கும் கோண்ட்வானாதீரியம் என்ற, அழிந்துபோன பாலூட்டிக் கூட்டத்தைச் சேர்ந்தது. 2007ல் பிரசாத் குழு அதற்குப் பாரத்தீரியம் பொனபார்ட்டெய் என்று பெயர் வைத்தது. அதே 2007ல் கிரெகரி வில்சன் குழு தனியாக அதே பிராணிக்கு தக்ஷிணா ஜெடெரி என்று வைத்தது. பிரசாத் குழுவின் கட்டுரை சற்று முந்தி வெளிவந்துவிட்டது. எனவே பாரத்தீரியம் நின்றது, தக்ஷிணா அதன் மாற்றுப்பெயராகச் சுருங்கியது. எனக்கென்னவோ தக்ஷிணா என்ற பெயர்தான் பிடித்திருந்தது, ஆனால் விதிக்குக் காது கிடையாது.

மார்கனுகோடானுக்கும் இந்தக் கண்டம் வந்தது. க்யூனேவுக்கு எட்டு வருஷம் முன்பு, 1941ல், இங்கிலாந்தின் ஹோல்வெல் குவாரியில் கிடைத்த பற்களுக்கு பாரிங்டன் என்பவர் இயோஸோஸ்ட்ரோடான் என்று பெயர் வைத்திருந்தார். மார்கனுகோடான் வேறில்லை, அது என்னுடைய இயோஸோஸ்ட்ரோடான்தான் என்று பின்னால் வாதாடினார். அவர் சொன்னது எடுபட்டிருந்தால் ஆயிரக்கணக்கான எலும்புகளோடும் இரண்டு பெரிய ஆய்வுகளோடும் மார்கனுகோடான் என்ற பெயரே போயிருக்கும். பல்லமைப்பில் உள்ள வித்தியாசங்களைக் காட்டி இரண்டையும் தனித்தனியாகவே வைத்துக்கொள்கிறார்கள், பிழைத்தது.

ஈரோடு வாசகர்: சரி, வைத்த பெயரும் தப்பு, வகைப்படுத்தியதும் தப்பு என்று பிறகு தெரிந்தால்?

தப்பு நடந்திருக்கிறது, பெரிய அளவில்.

2005ல் பி.எம். தத்தா மத்தியப் பிரதேசத்தின் திக்கி பாறையடுக்கிலிருந்து வந்ததாக ஒரு மேல் கடைவாய்ப்பல்லை விவரித்து திக்கிதீரியம் கோபெய் என்று பெயரிட்டார். ட்ரயாசிக் காலப் பாறை, 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழசு. அவ்வளவு பழைய காலத்துக்கு அந்தப் பல் வியப்பூட்டும் அளவுக்கு நவீனமாக இருந்தது. உலகத்தின் மிகப் பழைய பாலூட்டிகளைப் பட்டியலிடும் எல்லோரும் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். 2024ல் அவெரியானோவ், வொய்ட்டா என்ற இரண்டு ரஷ்ய ஆய்வாளர்கள் அந்தப் பல்லைத் திரும்ப ஒப்பிட்டு, இது மூஞ்சூறின் பல், காலமும் மிகப் பிந்தியது, பழைய பாறையோடு எப்படியோ கலந்துவிட்டது என்று எழுதினார்கள். நவீனமாகத் தெரிந்ததற்குக் காரணம் அது நவீனம் என்பதுதான்! சல்லடை வேலையில் இந்த ஆபத்து உண்டு, மேல்மண்ணில் கிடந்த ஒரு பல் உள்ளே விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒற்றைப் பல் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்று திருச்சிக்காரர் பட்ட சந்தேகம் இங்கே பலித்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் கவனியுங்கள், திக்கிதீரியம் என்ற பெயர் எழுதியவரின் கருத்தோடு கட்டப்படவில்லை, அந்தப் பல்லோடு கட்டப்பட்டது. பெயர் தாங்கும் அந்த ஒற்றை மாதிரியை ஹோலோடைப் என்பார்கள். பல் மூஞ்சூறு என்றால் பெயரும் பல்லின் கூடவே மூஞ்சூறுக் கூட்டத்துக்குக் குடிபெயரும்.

பெயரின் அர்த்தம் அபத்தம் என்று தெரிந்தாலும் மாற்ற முடியாது. அமெரிக்காவில் 1834ல் ரிச்சர்ட் ஹார்லன் பெரிய முதுகெலும்புகளைப் பார்த்து கடல்வாழ் ஊர்வன என்று நினைத்து பாசிலோசாரஸ், அதாவது பல்லி ராஜா, என்று வைத்தார். ரிச்சர்ட் ஓவன் என்ற ஆங்கிலேய உடற்கூறியலாளர் அதன் பல்லைப் பார்த்தார், வேர் இரண்டாகப் பிரிந்திருந்தது. பாலூட்டி! பழங்காலத் திமிங்கிலம். ஸ்யூக்ளோடான் என்று மாற்றுப்பெயர்கூட வைத்துப் பார்த்தார், விதி விடவில்லை. திமிங்கிலம் இன்றைக்கும் பல்லி ராஜாவாகவே இருக்கிறது. நம்மூரில் கறுப்பாக இருப்பவருக்கு வெள்ளையன் என்று பெயர் இருந்தால் யாராவது கெஜட்டில் மாற்றச் சொல்கிறோமா?

கடலூர் வாசகி: பல்லை வைத்து வயதுகூடச் சொல்கிறார்களாமே, உண்மையா?

உண்மை. பல்லின் வேரைச் சுற்றி மரத்து வளையம் மாதிரி வருஷத்துக்கொரு படலம் படிகிறது. 2020ல் எலிஸ் நியூஹாம் குழு மார்கனுகோடான் பற்களைச் சக்திவாய்ந்த எக்ஸ்ரேயில் பார்த்து எண்ணியதில் அதிகபட்சம் 14 வருஷம் வந்தது. அதே குவாரிகளில் கிடைக்கும் கியூனியோதீரியத்துக்கு (க்யூனேவின் பெயரால் வைத்தது) 9. இந்த அளவு உடம்புள்ள இன்றைய எலியோ மூஞ்சூறோ இரண்டு மூன்று வருஷம் இருந்தாலே அதிகம். ஆக, பல் நம்முடையது மாதிரி ஆகிவிட்டது, உடம்பு இன்னும் பல்லி வேகத்தில்தான் ஓடியிருக்கிறது.

தஞ்சாவூர் வாசகர்: எல்லாம் கிரேக்கமும் லத்தீனும்தானா? தமிழில் பெயர் வைக்க முடியாதா? நானே கண்டுபிடித்தால் என் பெயரை வைக்கலாமா?

எந்த மொழிச் சொல்லும் வைக்கலாம், எழுத்து மட்டும் லத்தீன் எழுத்தாக இருக்க வேண்டும். மடகாஸ்கரில் அம்போண்ட்ரோமஹாபோ என்று ஒரு கிராமம். அங்கே கிடைத்த ஜுராசிக் காலத் தாடைத் துண்டுக்கு 1999ல் பெயர் வைத்தவர்கள் ஊர்ப்பெயரையே இரண்டாக வெட்டினார்கள்: அம்போண்ட்ரோ மஹாபோ. முன்பாதி பேரினம், பின்பாதி சிற்றினம். கங்கைகொண்டசோழபுரத்தை இப்படி வெட்டிப் பாருங்கள், நன்றாகவே வரும்.

உங்கள் பெயரை நீங்களே வைத்துக்கொள்வதைத் தடுக்க விதி இல்லை, ஆனால் யாரும் செய்வதில்லை, சிரிப்பார்கள். நண்பர் ஒருவரைப் பிடித்து வைக்கச் சொல்ல வேண்டும். ஆணாக இருந்தால் பெயரின் வாலில் இ, பெண்ணாக இருந்தால் ஏ. அதற்கு முன்னால் விவரணை எழுதி முறையாக வெளியிட வேண்டும், மாதிரியைப் பத்திரமாக ஓரிடத்தில் வைக்க வேண்டும். இந்தப் பத்திரம் சாதாரண விஷயமில்லை: அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்து 1987ல் பெயர் பெற்ற ப்ருஹத்காயோசாரஸ் என்ற ராட்சத டைனோசரின் எலும்புகள் பிறகு உதிர்ந்தே போய்விட்டன. உலகத்திலேயே மிகப் பெரியதா இல்லையா என்று சண்டை போட இப்போது படங்களும் அளவுகளும்தான் மிச்சம்.

பெரம்பலூர் வாசகர்: கிணறு வெட்டும்போது கிடைத்த பல்லைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எந்தக் காலத்தது?

படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். உயரமான பல், மேலே பிறை பிறையாக எனாமல் மடிப்புகள், ஓரத்தில் பழுப்புக் கறை. மாட்டின் கடைவாய்ப்பல் மாதிரிதான் இருக்கிறது. எந்தக் காலம் என்பதைவிட எந்தத் தொழுவம் என்று தாத்தாவிடம் கேளுங்கள். ஆனால் அது எத்தனை அடி ஆழத்தில், எந்த நிற மண்ணில் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதிப் பல்லோடு டப்பாவில் போட்டு வையுங்கள்.